காடு கொண்ட வில்பத்து

இலங்கையின் வடமேற்குக் கரையோரத்தில், புத்தளத்துக்கு வடக்கிலும் மன்னாருக்குத் தெற்கிலும், மனிதர் குடியிருப்பு அருகிய பெருங்காடொன்று பரந்து கிடக்கின்றது. தெற்கே கலா ஓயா, வடக்கே மோதரகம ஆறு, மேற்கே கடல், கிழக்கே அநுராதபுரப் பகுதியின் குளத்தோரக் கிராமங்கள். இவ்வெல்லைகளுக்குள் அடங்கிய நிலம் ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீற்றர். வில்பத்து என்னும் பெயரால் வழங்கும் இக்காடே இலங்கைத் தேசிய வனங்கள் எல்லாவற்றினும் பரப்பிற் பெரியது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். இக்காட்டின் நடுவில் இயற்கையாய் அமைந்த ஆழமற்ற நீர்நிலைகள் பல உள்ளன. அவற்றை வில்லு என்று அயலிலுள்ள மக்கள் அழைப்பர். கொக்குவில், இணுவில், உடுவில், மட்டுவில், கோண்டாவில் என யாழ்ப்பாணத்து ஊர்ப்பெயர்கள் பலவற்றின் ஈற்றில் நிற்பதும் இச்சொல்லே என்பர். சிங்களத்திலே வில என்னும் சொல்லும் நீர்நிலையையே குறிக்கின்றது. தமிழிலிருந்து சிங்களத்துக்குச் சென்றதா, சிங்களத்திலிருந்து தமிழுக்கு வந்ததா என்னும் வாதம் அறிஞரிடையே நெடுங்காலம் நடந்து வந்துள்ளது. எவ்வாறாயினும், கொக்கு நின்ற நீர்நிலைக்கு இரு மொழியாளரும் ஏறத்தாழ ஒரே பெயரை வைத்தனர் என்பதிற் கருத்து வேறுபாடில்லை. பெயரின் பிற்பகுதியாகிய பத்து என்பதை எண் எனக் கொண்டு, பத்து வில்லுக்கள் உள்ள இடம் எனப் பொருள் கூறுவோர் உளர். அக்கரைப்பற்று முதலிய பெயர்களிற் காணும் பற்று, அஃதாவது நிருவாகப் பிரிவு, என்று கொள்வோரும் உளர். இக்காட்டிலுள்ள நீர்நிலைகள் ஐம்பதுக்கு மேற்பட்டவை ஆதலின், பின்னைய விளக்கமே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

வில்லு குளமன்று. குளத்துக்கு அணைக்கட்டு உண்டு, துருசு உண்டு, வெட்டியவன் ஒருவன் உண்டு. வில்லுக்கு இவை எவையும் இல்லை. இப்பகுதியின் மேற்குப் புறத்தில் மண்ணுக்கு அடியிற் சுண்ணாம்புக்கல் படிந்துள்ளது. அக்கல் காலப்போக்கில் நீரிற் கரைந்து, மேல்நிலம் தாழ்ந்து, இப்பள்ளங்கள் தோன்றின எனக் கருதுவர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடைக்காற்று மழையைக் கொண்டுவர, இப்பள்ளங்கள் நிரம்புகின்றன. கோடையிற் சோளகம் வீசத் தொடங்கியதும் நீர் வற்றி வற்றி உட்செல்ல, அது விட்டுச்சென்ற ஈரத்திற் புல் தழைத்து எழுகின்றது. நீரைச் சூழ்ந்து புல்வெளி. புல்வெளியைச் சூழ்ந்து வெண்மணல். அதற்கப்பால் மதில்போலக் காடு. வில்பத்துக் காட்சியின் சிறப்பெல்லாம் இவ்வளையங்களிலேயே அடங்கியுள்ளது. விலங்கு நீர் அருந்த வேண்டுமாயின் காட்டு மறைவை விட்டு வெளியே வந்தே ஆகவேண்டும். வேட்டைக்காரன் ஒரு காலத்தில் இங்கே காத்திருந்ததும், ஒளிப்படக்காரன் இன்று காத்திருப்பதும் இக்காரணத்தினாலேயே.

வில்லுக்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. தாமரையும் ஆம்பலும் மலரும் நன்னீர் வில்லுக்களுக்கு இடையே, கொக்கரே வில்லுப் போன்ற உவர்நீர் நிலைகளும் உள்ளன. கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருந்தும் நீர் உவர்ப்பது வியப்புக்குரியது. பனிக்காலத்தில் வடதேசத்துப் பறவைகள் இவற்றை நாடி வருகின்றன. ஊசிவால் வாத்துக்கள் கூட்டங் கூட்டமாய் இறங்குவதும், மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன் என்பன ஆழங்குறைந்த நீரில் நடந்து இரைதேடுவதும் தை, மாசி மாதங்களிற் காணக்கூடிய காட்சிகள்.

காட்டு மரங்களைப் பற்றிக் கூறுமிடத்துப் பாலையை முதலிற் கூறுதல் தகும். வறண்ட நிலத்தின் அரசன் அதுவே. கருமை படர்ந்த அடிமரமும் விரிந்த முடியும் உடைய இம்மரத்தின் வைரம் இரும்பை ஒத்தது. அதனோடு வீரை, முதிரை, கருங்காலி, நாவல், பனிச்சை முதலியன கலந்து நிற்கின்றன. ஆற்றோரங்களில் மருது ஓங்கி வளர்கின்றது. சிங்களத்தில் இதனைக் கும்புக் என்பர். கும்புக் வில என்னும் வில்லு இம்மரத்தாலேயே பெயர் பெற்றது. கடற்கரையை நெருங்க நெருங்க மரங்கள் குறுகி, உகாயும் முட்செடிகளும் மிகுகின்றன. கலா ஓயா கடலோடு கலக்குமிடத்திற் கண்டற்காடு செழித்துள்ளது.

வைகாசி, ஆனி மாதங்களிற் பாலை பழுக்கும். வன்னியிற் பிறந்தோர்க்குப் பாலைப்பழத்தின் சுவையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. மஞ்சள் நிறமான அச்சிறு பழத்தைத் தின்றபின் உதடுகள் பாலினால் ஒட்டிக்கொள்வதையும் அவர்கள் அறிவர். மனிதரினும் அப்பழத்தின்மேல் ஆசை மிக்கது கரடி. அது மரத்தின் மேலேறிக் கிளைகளை வளைத்துத் தின்னும். தன்னை மறந்து தின்னும். பழம் பொறுக்கச் சென்றவனும் மரத்திலிருந்து இறங்கிய கரடியும் எதிர்ப்பட்டமையால் முகம் சிதைந்தோர் வன்னிக் கிராமங்களில் உளர். காட்டில் எதற்கு அஞ்சுகின்றாய் என்று அக்கிராமங்களில் ஒருவரைக் கேட்டால், புலி என்றோ யானை என்றோ அவர் கூறமாட்டார். கரடி என்றே கூறுவார். பாலைப்பழக் காலத்தில் வில்பத்துக்குச் செல்வோர் கரடியைக் காணும் வாய்ப்பு மிகுதி.

இத்துணை அடர்ந்த காட்டைக் காண்போர், இஃது ஆதியிலிருந்தே இவ்வாறு கிடந்தது என எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் முற்றும் பொருந்தாது. வில்பத்தின் பெரும்பகுதி மனிதர் வாழ்ந்து விட்டுச்சென்ற நிலத்தின்மேல் எழுந்த காடு. உடைந்த குளக்கட்டுக்களும், கற்றூண்களும், செங்கல் இடிபாடுகளும் மரவேர்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. அநுராதபுர அரசு தழைத்த காலத்தில் தலைநகருக்கும் மேற்குக் கடற்றுறைகளுக்கும் இடைப்பட்ட இந்நிலம் வழிப்போக்கரும் உழவரும் நிறைந்த நாடாயிருந்தது. 13ஆம் நூற்றாண்டளவில் வறண்ட வலயத்து அரசுகள் நிலைகுலைந்து மக்கள் தெற்கு நோக்கியும் பிற திசைகளிலும் பெயர்ந்தபோது, கட்டுடைந்த குளங்களிற் காடு புகுந்தது. படையெடுப்புக் காரணமா, நோய் காரணமா, நீர்ப்பாசன நிருவாகம் சிதைந்தமை காரணமா என்பதில் வரலாற்றாசிரியர் ஒருமித்த கருத்துடையவரல்லர்.

இந்நிலத்தின் பழமைக்கு இன்னும் முற்பட்ட சான்று பொன்பரப்பியில் உள்ளது. இன்று பொம்பரிப்பு எனத் திரிந்து வழங்கும் இவ்விடம் வனத்தின் தென்மேற்குப் பகுதியில் அமைந்தது. கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்த தாழி அடக்கங்கள் இங்கே மிகுதியாகக் கண்டெடுக்கப்பட்டன. இறந்தோரின் எலும்புகளைப் பெரிய மட்டாழிகளில் இட்டுப் புதைத்து, கறுப்பும் சிவப்புமான சிறு கலங்களையும் மணிகளையும் உடன்வைத்தனர். 1956ஆம், 1957ஆம் ஆண்டுகளிற் தொல்பொருட் டிணைக்களத்தாரும், 1970ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த விமலா பெக்லி அம்மையாரும் இங்கே அகழ்ந்தாராய்ந்தனர். திருநெல்வேலிப் பகுதியில், தாமிரவருணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரிற் கிடைத்த தாழிகளுக்கும் இவற்றுக்கும் உள்ள ஒப்புமை ஆராய்ச்சியாளர் கவனத்தைக் கவர்ந்தது. நடுவே உள்ளது குறுகிய கடல். அக்கடலைத் தடையாக அன்றி வழியாகவே அக்கால மக்கள் கொண்டனர் என்பதற்கு இவ்வொப்புமை சான்றாகின்றது.

தாமிரவருணி என்னும் பெயர் மற்றொரு நினைவையும் எழுப்புகின்றது. விசயனும் அவன் தோழரும் கரையிறங்கிய இடத்தை மகாவம்சம் தம்பபண்ணி என்று கூறும். களைத்து நிலத்திற் கையூன்றி அமர்ந்தபோது செம்மண் படிந்து கைகள் செம்புநிறமாயின. அதனால் அப்பெயர் வந்தது என்பது அந்நூலின் விளக்கம். வில்பத்துக் கடற்கரையிற் குதிரைமலை என்னும் முனையில் மண் செந்நிறமாகவே உள்ளது. விசயன் இறங்கியது இவ்விடமே என்னும் மரபு அதனால் வேரூன்றியது. வனத்தினுள் காளி வில்லுக்கு அருகிலுள்ள இடிபாடுகளைக் குவேனியின் அரண்மனை என்று சுட்டுவர். நீர்நிலையோரத்தில் மரத்தடியில் நூல் நூற்றிருந்த குவேனியை விசயன் மணந்ததும், பின்னர் மதுரையிலிருந்து பாண்டியன் மகளை வருவித்து அவளைக் கைவிட்டதும் மகாவம்சக் கதை. அக்கதையை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. ஆயினும், புதிதாய் வந்தோர்க்கு முன்னரே இங்கு நூல் நூற்கும் மக்கள் வாழ்ந்தனர் என்பதை அக்கதையை எழுதியோரே ஒப்புக்கொள்கின்றனர் என்பது கருதத்தக்கது.

குதிரைமலையைப் பற்றி உரோமரும் எழுதினர். கிளோடியஸ் பேரரசன் காலத்தில், அஃதாவது கி. பி. 41 முதல் 54 வரையுள்ள காலத்தில், செங்கடல் வரியைக் குத்தகை கொண்ட அன்னியஸ் புளொக்காமஸ் என்பானின் பணியாளன் ஒருவன் அரபுக் கரையோரம் கப்பலிற் சென்றபோது காற்றினால் அடிபட்டு, பதினைந்தாம் நாளில் இலங்கையின் இப்புரோஸ் என்னும் துறையை அடைந்தான் எனப் பிளினி குறித்துள்ளார். இலங்கை மன்னன் அவனை ஆறு மாதம் உபசரித்து, உரோமுக்குத் தூதரையும் அனுப்பினான். இப்புரோஸ் என்னும் கிரேக்கச் சொல் குதிரையோடு தொடர்புடையது ஆதலின், அத்துறை குதிரைமலையே என்று பலர் கொண்டனர். அல்லி அரசாணி இங்கிருந்து ஆண்டாள் என்பது அயலூர் மக்களின் நம்பிக்கை. சங்கப் பாடல்களில் வரும் குதிரைமலையும் இதுவே என நிறுவ முயன்ற யாழ்ப்பாணத்து அறிஞரும் இருந்தனர். பெயரொற்றுமை ஒன்றை நம்பிச் செய்த அம்முயற்சிக்குத் துணையாகப் பிற சான்றுகள் கிடைத்தில. இன்று குதிரைமலையில் நிற்பவன் காண்பது செம்மண் மேடும், கீழே அலைமோதும் நீலக் கடலும், கடலாமைகளும் மீன்களும் உலவும் ஆளற்ற கரையுமே.

காடு மூடிய பின்னர் இப்பகுதியைக் கண்டெழுதியோருள் றொபேட் நொக்ஸ் குறிப்பிடத்தக்கவர். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிருந்த அவ்வாங்கிலேயர், 1679ஆம் ஆண்டில் ஒரு தோழருடன் தப்பி, அநுராதபுரத்திலிருந்து மல்வத்து ஓயாவின் வழியே நடந்து, ஒக்டோபர் மாதத்தில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். மல்வத்து ஓயாவை நாம் அருவியாறு என்போம். அது வில்பத்துக்கு வடக்கே பாய்கின்றது. செதுக்கிய கற்றூண்கள் ஆற்றோரக் காட்டிற் கிடந்ததை அவர் கண்டு வியந்தார். நான்கு நூற்றாண்டுகளுள் நாடு காடான விதத்துக்கு அவர் கூற்று நேரிற் கண்ட சாட்சியாகும்.

அக்காலத்தில் இக்காட்டினுள் தொழில் நிமித்தம் துணிந்து புகுந்தோர் பணிக்கர். மான்தோல் வாரினால் திரித்த கயிற்றை மட்டும் கையிற்கொண்டு, காற்றுத் திசையறிந்து பின்னே பதுங்கிச் சென்று, காட்டு யானையின் பின்னங்காலிற் சுருக்கிட்டு மரத்திற் பிணைக்கும் வித்தை அவர்களுடையது. வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த சோனகருள் இத்தொழில் பரம்பரையாய் வந்தது. வன்னியர் ஒல்லாந்தருக்குத் திறையாக யானைகளையே கொடுத்தனர். யாழ்ப்பாணத் துறைகளிலிருந்து அவை கப்பலேறின. சேர் எமேர்சன் தெனன்ற் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிற் பணிக்கரின் துணிவைப் பாராட்டி விரிவாக எழுதியுள்ளார். வில்பத்திலுள்ள பணிக்கர் வில்லு அவர்தம் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பிடித்தவர் பெயர் நிலைத்தது. பிடிபட்ட யானைகளுக்குப் பெயரும் இல்லை, கணக்கும் இல்லை.

பணிக்கர் யானையைப் பிடித்தனர், பிரித்தானியர் சுட்டனர். பயிரை அழிக்கும் விலங்கு என யானையைக் கருதி, கொன்றோர்க்கு அரசாங்கம் பணம் வழங்கிற்று. 1848ஆம் ஆண்டுக்கு முற்பட்ட மூன்று ஆண்டுகளுக்குட்பட்ட காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகளுக்கு இப்பணம் கொடுக்கப்பட்டது எனத் தெனன்ற் பதிந்துள்ளார். மேஜர் றொஜர்ஸ் என்னும் அதிகாரி ஒருவரே ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்பர். 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டதை மக்கள் தெய்வ நீதியாகக் கருதினர். சாமுவேல் பேக்கர் பொன்பரப்பிச் சமவெளியில் வேட்டையாடிய அனுபவங்களைத் தம் வேட்டை நூலில் உற்சாகத்தோடு எழுதினார். அந்நூல் படிப்பதற்குச் சுவையானது. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் விழும் உயிர்களை எண்ணிக்கொண்டே படிப்பவர்க்கு அச்சுவை நெடுநேரம் நில்லாது.

வேட்டைக்காரரே காவலராயினமை இக்கதையின் விசித்திரமான திருப்பம். சுடுவதற்கு விலங்கு இல்லாதுபோகும் என்ற அச்சம் அவர்களைப் பற்றிக்கொண்டது. 1894ஆம் ஆண்டில் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியவர் பெரும்பாலும் தோட்டத்துரைமாரும் வேட்டை விருப்பினருமே. 1905ஆம் ஆண்டில் வில்பத்தின் ஒரு பகுதி சரணாலயம் எனப் பிரகடனம் செய்யப்பட்டது. அடுத்துள்ள மறிச்சுக்கட்டியில் அக்காலத்தே முத்துக்குளிப்பு நடந்தது. 1906ஆம் ஆண்டில் அம்முகாமுக்கு அனுப்பப்பட்ட இளம் அதிகாரி, பின்னாளிற் புகழ்பெற்ற எழுத்தாளர் லெனாட் வூல்வ். கரையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு சிப்பி விலைபேச, சில மைல் தொலைவில் யானைகள் அமைதியாய் நீரருந்தின. விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டில் நிறைவேறியது. 1938ஆம் ஆண்டில் வில்பத்து தேசிய வனமாயிற்று; உருகுணை எனப்படும் யாலையும் அதே ஆண்டில் அந்நிலை பெற்றது. வனசீவராசிகள் திணைக்களம் 1949ஆம் ஆண்டில் அமைந்தது. 1967க்கும் 1973க்கும் இடையில் மேலும் நிலப்பகுதிகள் சேர்க்கப்பட்டுக் காவற்பரப்பு இன்றைய அளவை எட்டியது.

பாதுகாவலின் பயன் விரைவில் வெளிப்பட்டது. சுடுவார் இல்லாமையின், சிறுத்தை பகலிலும் வெளிவரலாயிற்று. பிற நாடுகளிற் சிங்கத்துக்கோ வரிப்புலிக்கோ அஞ்சி ஒதுங்கி வாழும் சிறுத்தை, அவ்விரண்டும் இல்லாத இலங்கையில் தானே காட்டின் தலைமையைக் கொண்டது. மணற்பாதையின் நடுவே படுத்துக்கொண்டு, வரும் வாகனத்தை அலட்சியமாய் நோக்கி, நினைத்தபோது எழுந்துசெல்லும் சிறுத்தையே வில்பத்தின் புகழுக்குக் காரணமாயிற்று. ஐசன்பேர்க் என்னும் அமெரிக்க விலங்கியலறிஞரும் அவர் குழுவினரும் 1960களின் பிற்பகுதியில் இங்குத் தங்கிச் சிறுத்தையின் உலாவெல்லையையும் இரையையும் ஆராய்ந்தனர். 1972இல் வெளிவந்த அவர்களது வில்பத்து ஆய்வு இன்றும் மேற்கோளாகக் கொள்ளப்படுகின்றது. புள்ளிமானே அதன் முதன்மையான இரை. மரையும் காட்டுப்பன்றியும் அதற்கு அடுத்தவை. எருமைக் குழுவன் தனித்து நின்றால் அதனைச் சிறுத்தையும் விலகியே செல்லும்.

வனத்துக்குச் செல்லும் வழக்கமான பாதை புத்தளம் அநுராதபுரம் வீதியிலிருந்து பிரிகின்றது; அநுராதபுரத்துக்கு மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில் உணுவிலகம என்னும் இடத்தில் அலுவலகமும் வாயிலும் உள்ளன. அங்கிருந்து முதல் வில்லுவரை நெடுந்தூரம் அடர்காடே. விலங்கு எதுவும் தோன்றாது. யாலையின் வெட்டவெளியைக் கண்டு பழகியோர் இந்நீண்ட வழியிற் சலிப்படைவர். காட்டைக் கண்ணாற் காண்பதோடு காதாற் கேட்கவும் அறிந்தவர்க்குச் சலிப்பில்லை. குரங்கின் எச்சரிக்கைக் குரலும், மானின் கூவலும், இருவாய்ச்சியின் சிறகோசையும் எங்கே என்ன நிகழ்கின்றது என்பதை வழிகாட்டிக்கு உரைக்கும். வில்லுக்களின் கரையில், மரதன்மடு, காளி வில்லு, மாணிக்கபொல ஊற்று முதலிய இடங்களிற் பழைய நாளிலே விடுதிகள் அமைந்தன. சாலி இளவரசன் அசோகமாலையுடன் வாழ்ந்த இடம் மரதன்மடு என்பது மரபு. காதலுக்காக அரசுரிமையைத் துறந்தவனுக்கு அதைவிடத் தகுந்த இடம் கிடைத்தல் அரிது. மின்விளக்கில்லாத அவ்விடுதிகளிற் குடும்பத்தோடு தங்கி, அரிசியும் மரக்கறியும் உடன்கொண்டு சென்று சமைப்பித்து உண்டு, மாலையில் வில்லின் விளிம்புக்கு மான்கூட்டம் வருவதைத் திண்ணையிலிருந்து பார்ப்பதே அக்காலத்துப் பொழுதுபோக்கு. வாகனத்தை விட்டு இறங்குதல் ஆகாது என்பது அன்றும் இன்றும் விதி.

இவ்வமைதி 1985ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாளோடு குலைந்தது. அன்று அநுராதபுரத்திற் பொதுமக்களைச் சுட்டுக்கொன்ற விடுதலைப் புலிகள் வில்பத்து வனத்தினுள்ளும் புகுந்து பலரைக் கொன்றனர். பின்னர் 1988ஆம் ஆண்டிறுதியில் வனம் முற்றாக மூடப்பட்டது. விடுதிகள் பாழாயின. பாதைகளிற் புல் முளைத்தது. காவலர் அற்ற காட்டில் மரந்தறிப்போரும் இறைச்சிக்காகச் சுடுவோரும் புகுந்தனர், கண்ணிவெடிகளும் புதைந்தன. 2003ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வனம் மீண்டும் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் நிகால் டி சில்வா என்னும் எழுத்தாளரின் ஆங்கில நாவலொன்று வெளிவந்து கிராசியன் பரிசைப் பெற்றது. ஆனையிறவிலிருந்து புறப்படும் சிங்கள இராணுவ அதிகாரி ஒருவனும் இயக்கத்தைச் சேர்ந்த தமிழ்ப்பெண் ஒருத்தியும் பகைமையோடு தொடங்கி, வில்பத்துக் காட்டினூடே நடந்து, ஒருவரையொருவர் அறிந்துகொள்வது அதன் கதை. காட்டின் பறவைகளை ஆசிரியர் அன்போடு அறிந்தவர் என்பது நூலெங்கும் தெரிகின்றது. 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் அவரும் உடன்சென்றோரும் வில்பத்தினுள்ளே கண்ணிவெடியில் அகப்பட்டு உயிரிழந்தனர். வனம் மறுபடியும் மூடப்பட்டு, போர் முடிந்தபின் 2010ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டில் வில்பத்தும் அதனைச் சார்ந்த ஈரநிலங்களும் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்தவை என அங்கீகரிக்கப்பட்டன.

இக்காட்டின் வடபுறத்தில் நிகழ்ந்ததைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. மோதரகம ஆற்றுக்கு அப்பால், முசலிப் பகுதியில், மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி முதலிய முஸ்லிம் ஊர்கள் பலகாலம் இருந்து வந்தன. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, இவ்வூர் மக்களும் உடுத்த உடையோடு புத்தளம் நோக்கிச் சென்றனர். இருபது ஆண்டுக் காலம் வெற்றூராய்க் கிடந்த நிலத்தில், பழைய வரலாறு திரும்பவும் நிகழ்ந்தது. கிணற்றுக் கட்டுக்களைச் சூழ்ந்து பற்றை வளர்ந்தது. வயல் வரம்புகளை முட்செடி மூடியது. முன்னர் வீடிருந்த இடத்தில் மரம் நின்றது. 2012ஆம் ஆண்டில் இப்பகுதியின் நிலங்கள் ஒதுக்கப்பட்ட காடுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. போரின்பின் திரும்பி வந்தோர் தம் பாட்டன் காணியைக் காட்டச் சென்றபோது, அது காடு என்று சட்டம் கூறியது.

வீடுகட்டுவதற்காகக் காடு வெட்டப்பட்டது. வில்பத்து அழிகின்றது என்று தெற்கிலே பெருங்குரல் எழுந்தது. வெட்டப்பட்ட இடம் தேசிய வனத்தின் எல்லைக்குள் அன்று, அதற்கு வடக்கேயுள்ள கல்லாற்று ஒதுக்குக்காட்டில் என்பதைப் பலர் கவனித்திலர். வனவிலங்கு அவ்வெல்லைக்கோட்டை அறியாது என்பதை வேறு பலர் கவனித்திலர். 2017ஆம் ஆண்டில் மாவில்லுப் பாதுகாப்புக் காடு என ஒரு பெரும் பரப்பு பிரகடனம் செய்யப்பட்டது. 2020ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கல்லாற்றில் அழிந்த காட்டை மீள உண்டாக்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. யானையின் வழியும் பெரிது. வெளியேற்றப்பட்டவன் திரும்பும் உரிமையும் பெரிது. இவ்விரண்டையும் ஒருசேர எண்ணிப் பேசியோர் மிகச் சிலர். இன வேற்றுமை நோக்கிக் காட்டைப் பயன்படுத்தியோர் இரு பக்கத்திலும் இருந்தமையால், காணிக் கச்சேரியிலும் அளவைப் படத்திலும் ஆறுதலாய்த் தீர்க்கவேண்டிய வழக்கொன்று மேடைப் பேச்சாயிற்று.

புத்தளத்திலிருந்து எழுவன்குளம் வழியாக, வனத்தின் மேற்குப் புறத்தை ஊடறுத்து மறிச்சுக்கட்டிக்கும் மன்னாருக்கும் செல்லும் பழைய பாதை பற்றியும் இத்தகைய வாதம் உண்டு. அப்பாதை மூடப்பட்டால் மன்னாரிலிருந்து புத்தளம் செல்வோர் மதவாச்சி, அநுராதபுரம் சுற்றியே செல்ல வேண்டும். திறந்து தார் இட்டால், இரவில் விரையும் வாகனங்களால் விலங்குகள் மடியும். 2010ஆம் ஆண்டில் சூழல் அமைப்புகள் இதனை உயர்நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றன. பாதையோரத்தே, காட்டின் நடுவில், பள்ளக்கண்டல் என்னுமிடத்தில் அந்தோனியார் கோயில் ஒன்று நிற்கின்றது. புத்தளம், சிலாபம் கரையோரத்துக் கத்தோலிக்கர், தமிழரும் சிங்களவருமாக, மடுமாதா திருவிழாவுக்கு இக்காட்டு வழியே தலைமுறை தலைமுறையாகச் சென்று வந்தனர். வண்டிமாடு கட்டிச்சென்ற காலத்தில் இரவிலே தீ மூட்டி, செபம் சொல்லி, யானைக் குரலைக் கேட்டவாறு அங்குத் தங்குவர். திருவிழாக் காலத்தில் யாத்திரிகர் கூட்டம் இன்றும் அவ்வழியே செல்கின்றது. மெழுகுதிரி அணைந்து, கடைசி வாகனமும் எழுவன்குளம் நோக்கிப் புறப்பட்ட பின், கோயில் முற்றத்து மணலில் மறுநாட் காலையிற் காண்பன மானின் குளம்படிகளும் சிறுத்தையின் அடிச்சுவடுகளுமே.